காயம் ஆற்றலும் காயம் தடுத்தலும்

வைத்தியனது கடமை யாது என்னும் வினாவிற்கு வள்ளுவப் பெருந்தகையார் 'மருந்து' என்னும் அதிகாரத்திலே விடை பகர்ந்துள்ளார். நோய் இன்னதென அறிவதோடு நில்லாது, அது எதனால் வந்தது என்பதையும், அதனைத் தணிக்கும் வழி யாது என்பதையும் நாடி அறிந்து, அதன்பின்னரே செயலில் இறங்குதல் வேண்டும் என்பது அவர் கருத்து. காய்ச்சல் முதலிய நோய்களைப் பொறுத்தவரையில் இக்கொள்கையை நாம் நெடுங்காலத்துக்கு முன்னரே ஒப்புக்கொண்டுவிட்டோம். மலேரியாக் காய்ச்சல் கண்டவனுக்கு மருந்து கொடுத்துவிட்டு, நுளம்பு பெருகும் குட்டையை அப்படியே விட்டுவிடும் சுகாதாரப் பகுதியை எவரும் மெச்சார். நோயாளியோடு நுளம்பையும் நாடிச் சென்றமையாலன்றோ 2016ஆம் ஆண்டில் நம் நாடு மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்று பெற்றது!

ஆயின், உடைந்த எலும்பும் வெட்டுக்காயமும் தீப்புண்ணும் நஞ்சருந்தலும் வைத்தியசாலை வாயிலுக்கு வரும்போது நாம் அவ்வாறு எண்ணுவதில்லை. 'விதி' என்கிறோம், 'கெட்ட நேரம்' என்கிறோம், 'குடித்தால் இப்படித்தான்' என்று ஏளனமும் செய்கிறோம். தையல் போட்டுக் கட்டுக்கட்டி வீட்டுக்கு அனுப்பியதும் கடமை முடிந்ததாகக் கருதுகிறோம். அவ்வாறு அனுப்பப்பட்டவர் சில மாதங்களின் பின்னர் மற்றொரு காயத்தோடு அதே வாயிலுக்கு மீண்டு வருகிறார். எத்தனையாவது வருகை அவருக்கு இறுதி வருகையாகும் என்பதை யாரறிவார்? அவசர சிகிச்சைப் பிரிவு காயத்தை ஆற்றும் இடம் மட்டுமன்று, அடுத்த காயத்தைத் தடுக்கும் இடமுமாகும் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை நாம் பூனாகலை என்னும் மலைநாட்டுப் பகுதியை மனத்திற்கொண்டு எழுதுகின்றோம். பதுளை மாவட்டத்திலே, பண்டாரவளைக்குத் தெற்கே, வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையின் வழியே சென்றால் பூனாகலைத் தோட்டங்கள் தோன்றும். 'லிப்டன் இருக்கை' எனச் சுற்றுலாப் பயணிகள் நாடிச் செல்லும் மலைமுகடு இப்பகுதியை அடுத்தே உள்ளது. கண்ணுக்கு இனிய இம்மலைச்சரிவுகள் அங்கு உழைப்போருக்கு எளியனவல்ல. மழைக்காலத்திலே கொழுந்துச் சுமையோடு வழுக்கி விழுதல், கவ்வாத்துக் கத்தியால் வெட்டுண்ணல், தொழிற்சாலை இயந்திரத்திற் கை அகப்படுதல், தேயிலைச் செடிகளிடையே பாம்பு கடித்தல், குளவிக் கூடு கலைந்து ஒரே வேளையிற் பலர் கொட்டப்படுதல் என இவர்தம் தொழிலோடு பிறந்த இடர்கள் பல. நிலமும் சில வேளைகளில் இவர்களுக்குப் பகையாகின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை மண் மூடியதை நாம் மறந்திலோம். 2023ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் திகதி பூனாகலைக் கபரகலைத் தோட்டத்திலும் மண்சரிவு நேர்ந்து குடும்பங்கள் பல வீடிழந்தன.

இவ்விடர்களோடு வேறு மூன்றும் சேர்கின்றன. அவை குடியினால் வரும் காயம், வீட்டுக்குள் நிகழும் அடி உதை, மனமுடைந்தோர் தமக்குத்தாமே இழைத்துக்கொள்ளும் தீங்கு என்பன. இம்மூன்றும் தோட்டத்துக்கு மட்டும் உரியனவல்ல. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் இவை உள்ளன. எனினும் லயத்துக் காம்பராக்களின் நெருக்கடியும், நாட்சம்பளத்தின் நிலையாமையும், வைத்தியசாலைக்குள்ள தூரமும் சேர்ந்து, பூனாகலை போன்ற இடங்களில் இவற்றின் கொடுமையை மிகுவிக்கின்றன. தோட்டத்து டிஸ்பென்சரியிலே முதலுதவி பெற்றுப் பண்டாரவளைக்கோ தியத்தலாவைக்கோ செல்ல வேண்டும். காயம் பெரிதாயின் பதுளைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பப்படல் வேண்டும். முன்னாளிலே கொழுந்து லொறியே நோயாளர் வண்டியாகவும் விளங்கிற்று. 2016ஆம் ஆண்டிலே இந்திய அரசின் உதவியோடு மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட '1990' சுவசெரிய நோயாளர் வண்டிச் சேவை இவ்வகையிற் பெரும் பேறாகும். கட்டணமின்றி வரும் அவ்வண்டியை அழைக்கும் இலக்கத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள் யாவரும் மனனஞ் செய்திருத்தல் நன்று.

வைத்தியசாலையிலிருந்தே தடுப்புப் பணி தோன்றக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே அரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. மின்சாரம் எட்டாத வீடுகளில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு எரிந்த காலத்தில், அது சரிந்து விழுந்து உடல் வெந்தோர் பலர். சத்திர வைத்தியராகிய விஜய கொடகும்புர அவர்கள் இத்தகைய தீப்புண்களுக்குச் சிகிச்சை செய்தவர். புண்ணை ஆற்றுவதோடு அவர் அமைந்திலர், விளக்கை நோக்கினார். உயரமும் மெல்லிய அடியும் கொண்ட போத்தல் சரிவதும், தளர்ந்த மூடியினூடே எண்ணெய் சிந்துவதுமே தீயின் காரணம் எனக் கண்டார். குட்டையாயும் கனமாயும், உருண்டோடாவண்ணம் பக்கங்கள் தட்டையாயும், திருகுமூடி உடையதாயும் ஒரு சிறு விளக்கை 1990களின் தொடக்கத்தில் அமைத்தார். அவ்விளக்குகள் பல்லாயிரக்கணக்கில் வழங்கப்பட்டன. 1998ஆம் ஆண்டில் அவருக்கு உலகப் புகழ் வாய்ந்த ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. 'இப்புண் எவ்வாறு வந்தது?' என்னும் ஒரு வினாவே அவ்விளக்கை ஏற்றிற்று எனலாம்.

இனி, குடியினால் வரும் காயத்தை எடுத்துக்கொள்வோம். தவறணையிலிருந்து திரும்புகையிற் பள்ளத்தில் விழுந்தவரும், கசிப்பருந்திக் கைகலந்தவரும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகின்றனர். இவர்களைப் பரிசோதிக்குங்கால் இரண்டு தவறுகள் நேரக்கூடும். முதலாவது, மயக்கம் முழுவதையும் மதுவின்மேற் சுமத்துதல். தலையில் அடிபட்டு மூளையைச் சூழ இரத்தம் கசியும்போதும் நோயாளி உளறுவார், உறங்குவார். சாராய வாடை வீசுகின்றது என்பதற்காக 'வெறி தெளியட்டும்' என்று மூலையிற் கிடத்திவிடின் உயிர் போதலும் கூடும். இரண்டாவது, அவர் நாடோறும் குடிப்பவரா என வினவாது விடுதல். நாடோறும் மிகுதியாகக் குடித்தவர் கால் முறிந்து கட்டிலிற் கிடக்க நேர்ந்தால் மது திடீரென நின்றுவிடுகிறது. சில மணி நேரத்திற் கைநடுக்கமும் வியர்வையும் தோன்றும். இரண்டொரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளளவில் இல்லாதன கண்டு அலறவும் கூடும். இதனைப் பேய்க்கோளாறென மயங்கி நூல் கட்டுவோரும் உளர். உண்மையில் இது உரிய மருந்தினால் தடுக்கத்தக்க நோய்நிலை. கவனியாது விடின் உயிருக்கே ஊறு செய்வது. அனுமதிக்கும்போது கேட்கப்படும் ஒரேயொரு வினா இதனைத் தடுக்கவல்லது.

அவ்வினா மற்றுமொரு வாயிலையும் திறக்கின்றது. காயமுற்ற வேளையிலே மனிதனது மனம் இளகியிருக்கும். 'இது குடியால் வந்தது' என்பதைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கட்டுப்போட்ட காலே உரைக்கும். அவ்வேளையில் ஏசாமலும் உபதேசம் பண்ணாமலும், எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்டு, அதனால் உடலுக்கும் குடும்பத்துக்கும் விளைவது யாது என்பதை அமைதியாய்க் கூறி, 'நீங்கள் என்ன செய்யலாமென நினைக்கிறீர்கள்?' என்று அவர் வாயாலேயே ஒரு தீர்மானத்தைச் சொல்விப்பது ஒரு முறை. அதற்குக் கால் மணி நேரம் முதல் அரை மணி நேரம் வரை போதும். ஐக்கிய அமெரிக்காவின் சியாற்றில் நகரத்துக் காயச் சிகிச்சை நிலையமொன்றில் லறி ஜென்ரிலெலோ என்னும் சத்திர வைத்தியரும் அவர்தம் குழுவினரும் இம்முறையைச் சோதித்து, 1999ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். ஓராண்டின் பின்னர், ஆலோசனை பெற்றோரது குடி வாரத்துக்குச் சராசரி ஏறத்தாழ 22 அளவு குறைந்திருந்தது; பெறாதோரிடத்திற் குறைந்தது 7 அளவு மட்டுமே. புதிய காயத்தோடு திரும்பி வருதலும் ஏறத்தாழப் பாதியாயிற்று. குடி முற்றிய நிலையை அடையாதோரிடத்தே இப்பயன் மிகுந்து காணப்பட்டது. முற்றியோருக்குத் தொடர்ந்த சிகிச்சை வேண்டும். யார் எந்நிலையில் உள்ளார் என அறிவதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வினாக்கள் கொண்ட எளிய தாள் ஒன்று உண்டு. அதனைத் தாதியரும் கேட்டுப் பதியலாம். ஆலோசனை நாடுவோர் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்னும் இலக்கத்தையும் அழைக்கலாம்.

அடுத்ததாக வன்முறையை நோக்குவோம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, நம் நாட்டில் துணைவரோடு வாழ்ந்த பெண்களுள் ஐவருள் ஒருவர் தம் வாழ்நாளில் அத்துணைவரால் உடல்வழியாகவோ பாலியல்வழியாகவோ வன்முறைக்கு ஆளாகியுள்ளார். இவர்களுட் பலர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து, 'கதவு நிலையில் மோதிவிட்டேன்', 'படியில் வழுக்கினேன்' என்பர். காயம் ஒரு கதையும் வாய் மற்றொரு கதையும் சொல்லும். கணவன் பக்கத்தில் நிற்க, அல்லது மகன் மொழிபெயர்க்க, எந்தப் பெண் உண்மை உரைப்பாள்? ஆகவே தனியிடத்தில், பெண் தாதி ஒருவரால், அவளது தாய்மொழியிலே வினவப்படல் இன்றியமையாதது. தோட்டப் பகுதியிலே இம்மொழிப் பிரச்சினை சிறிதன்று. தமிழ் அறியாத வைத்தியரும் சிங்களம் அறியாத நோயாளியும் எதிரெதிரே அமரும்போது, 'எங்கே நோகிறது?' என்பது வரை சைகை உதவும், 'யார் அடித்தார்?' என்பதற்குச் சைகை உதவாது.

உண்மை வெளிவந்தபின் செய்யத்தக்கன யாவை? அரச வைத்தியசாலைகள் பலவற்றிலே 'மித்துரு பியச' என்ற பெயரில், தமிழில் 'நட்பு நிலையம்' என வழங்கும், ஆலோசனை நிலையங்கள் உள்ளன. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்திலே பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அக்கட்டளை பன்னிரண்டு மாதம் வரை செல்லுபடியாகும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும், காயத்தை உள்ளபடி எழுதிய வைத்தியக் குறிப்பும் பின்னாளில் அவளுக்குக் கேடயமாகும். எனினும், முறைப்பாடு செய்க என்று அவளை நெருக்குதல் தகாது. இன்று இரவு அவளும் பிள்ளைகளும் எங்கே உறங்குவர் என்பதே முதலிற் கேட்கத்தக்க வினா. காம்பராவுக்குத் திரும்புதல் ஆபத்தாயின், விடுதியில் ஓரிரவு வைத்திருப்பதும் வைத்தியமேயாம்.

தெருச் சண்டையைப் பொறுத்தவரையில், பிரித்தானியாவின் கார்டிவ் நகரம் வழிகாட்டிற்று. அங்கே யொனதன் செப்பேர்ட் என்னும் முகச் சத்திர வைத்தியர், தம்மிடம் காயத்தோடு வருவோருட் பலர் பொலிசாரின் கணக்கிலே இல்லை என்பதை உணர்ந்தார். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரிடம் எங்கே, எப்பொழுது, எந்த ஆயுதத்தால் எனக் கேட்டெழுதி, பெயரை நீக்கி, பொலிசாருக்கும் நகர சபைக்கும் அளிக்கும் முறை உருவாயிற்று. அதைக்கொண்டு காவலின் இடமும் நேரமும் மாற்றப்பட்டன. மதுச்சாலைகளின் கண்ணாடிக் குவளைகளும் கவனிக்கப்பட்டன. 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, இவ்வாறு செய்யாத ஒத்த நகரங்களோடு ஒப்பிடுமிடத்து, வன்முறைக் காயத்துக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோர் தொகை அங்கு 42 வீதம் குறைந்திருந்தது. ஒரு கொப்பியும் பேனாவும் இருந்தால் இதனை எங்கும் தொடங்கலாம். ஒரு தோட்டத்தில் எந்தப் பாதைத் திருப்பத்தில் விழுகின்றனர், எந்த மலையிற் குளவி கொட்டுகின்றது, சம்பள நாளின் எந்த மணியில் அடிதடி நிகழ்கின்றது என்பனவற்றை டிஸ்பென்சரிப் பதிவேடே உரைக்கவல்லது. உரைப்பதைக் கேட்பாரும் வேண்டும்.

மூன்றாவது பகுதி துயரம் மிக்கது. 1995ஆம் ஆண்டளவில் நம் நாட்டிலே இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்தனர். உலகில் மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. பூச்சிநாசினியும் களைநாசினியும் வீட்டுக்கு வீடு கையெட்டும் தூரத்தில் இருந்தமை இதற்குப் பெருங்காரணமாயிற்று. சாகவேண்டும் என்று உறுதி கொண்டோரைவிட, ஒரு மணி நேரக் கோபத்திலும் மானத்திலும் கைநீட்டியோரே பலர். அக்கை எட்டியது கொடிய நஞ்சாயின், மனம் மாறியபின்னும் மீட்சியில்லை. 1984 முதல் கொடிய நஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்யப்பட்டன. 1995இலும் 1998இலும் மேலும் சில நீக்கப்பட்டன. தேயிலைத் தோட்டங்களிற் களைக்கு அடிக்கப்பட்டுவந்த பரகுவாட் 2008க்கும் 2011க்கும் இடையிற் படிப்படியாக விலக்கப்பட்டது. வீதம் மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கிற்று. வைத்தியசாலைகள் எழுதிவைத்த கணக்கே எந்த நஞ்சு எத்தனை உயிரைக் குடிக்கின்றது என்பதை அரசுக்கு அறிவித்தது என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதையும் நம் நாட்டு ஆய்வுகளே கற்பித்தன. நஞ்சருந்தியோருக்குக் கரித்தூள் கொடுத்தல் உயிர் காக்குமா என இங்கு 4,632 நோயாளரிடையே சோதித்தபோது, இறப்புக் குறையவில்லையென 2008இல் வெளியாயிற்று. மருந்துப் போத்தல்களை வைத்துப் பூட்டுவதற்கு அநுராதபுர மாவட்டக் கிராமங்களிற் பெட்டிகள் வழங்கிப் பார்த்ததிலும் நஞ்சருந்தல் குறையவில்லையென 2017இல் வெளியாயிற்று. பயன் தந்தது எது? உலக சுகாதார நிறுவனம் கொழும்பு, சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களிலே, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து உயிர் தப்பிய 1,867 பேரிடையே ஓர் ஆய்வு நடத்தி 2008இல் வெளியிட்டது. ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தது. மறுசாராருக்கு வீடு திரும்புமுன் ஒரு மணி நேர உரையாடலும், பின்னர் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியாலோ நேரிலோ 'எப்படி இருக்கிறீர்கள்?' என்னும் விசாரிப்பும் கிடைத்தன. முதற் சாராரில் 100க்கு 2.2 பேர் பின்னர் தம்முயிரை மாய்த்தனர், மறுசாராரில் 0.2 பேர் மட்டுமே. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. தம்மை ஒருவர் நினைத்திருக்கிறார் என்னும் உணர்வே மருந்தாயிற்று.

தற்கொலைக்கு முயலுதல் 1998ஆம் ஆண்டின் பின்னர் நம் நாட்டிற் குற்றமன்று. பொலிசுக்கு அஞ்சி நோயாளியை வீட்டில் மறைத்துக் காலங் கடத்துவோர் இதனை அறிதல் வேண்டும். வீட்டிலே வாந்தியெடுக்கச் செய்யாது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லலே தக்கது. மனம் தளர்ந்தோர் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தேவையானவை நான்கே என்பது புலனாகும். எவ்வாறு நேர்ந்தது எனக் கேட்டல், ஏசாது கேட்டல், கேட்டதை எழுதுதல், வீடு சென்றபின்னும் விசாரித்தல் என்பன அவை. நெருக்கடி மிக்க அவசர சிகிச்சைப் பிரிவிலே இதற்கு நேரம் ஏது என்று வைத்தியர் வினவுவது நியாயமே. ஒரே இரவில் இரண்டு வைத்தியர் நூறு பேரைப் பார்க்கும் இடத்தில் நீண்ட உரையாடல் இயலாது. ஆயினும் இவ்வினாக்களை வைத்தியரே கேட்க வேண்டுமென்பதில்லை. பயிற்சி பெற்ற தாதியும், சமூக சேவை உத்தியோகத்தரும், தோட்ட வைத்திய உதவியாளரும், சுகாதாரத் தொண்டரும் இப்பணியைப் பகிர்ந்துகொள்ளலாம். திரும்பத் திரும்ப வரும் ஒருவருக்குத் திரும்பத் திரும்பச் செலவிடும் நேரத்தையும் கணக்கிற் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

இவ்விடத்திலேதான் எம் கல்லூரியின் பழைய மாணவர்க்குப் பணி உண்டு. நம்மவருள் வைத்தியரும் தாதியரும் உளர். தோட்ட உத்தியோகத்தரும் ஆசிரியரும் உளர். சட்டத்தரணிகளும் வணிகரும் உளர். வினாத்தாளை நல்ல தமிழில், தோட்டத்துத் தாய்மார்க்கு விளங்கும் சொற்களில் எழுதித் தருதல் ஆசிரியர்க்கு அரிதன்று. தமிழறியாத வைத்தியர்க்கு உதவுவதற்கு மொழிபெயர்க்கும் தொண்டர் ஒருவரை ஏற்படுத்தல் சங்கத்துக்கு அரிதன்று. கட்டு மாற்றும் நாளிலே வைத்தியசாலைக்குச் சென்றால் அன்றைய சம்பளம் போய்விடுமென அஞ்சும் தொழிலாளிக்கு, அந்நாளை விடுமுறையாக்கிக் கொடுத்தல் தோட்ட நிருவாகத்திலுள்ளார்க்கு அரிதன்று. விசாரிக்கும் ஒன்பது அழைப்புகளை எடுப்பதற்குத் தொலைபேசி ஒன்றும் பொறுமையும் உள்ள எவர்க்கும் அரிதன்று.

இன்று கல்வி பயிலும் மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். உங்களுட் சிலர் நாளை வைத்தியராவீர்கள். நள்ளிரவிலே பூனாகலையிலிருந்து ஒருவர் இரத்தம் ஒழுக வந்து சேரும்போது, முதலில் இரத்தத்தை நிறுத்துங்கள், எலும்பைப் பொருத்துங்கள். அதன்பின் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் அமர்ந்து, எவ்வாறு நேர்ந்தது என்று அவருடைய மொழியிலே கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள்.